என் மீன் டெக்கைத் திருத்திய மேதைக்கும், அங்கே சிரித்தவர்களுக்கும்

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மேஜிக்: த கேதரிங் கார்டு ஆட்டத்தின் டோர்னமென்ட் முடிந்ததும் என் டெக்கின், அதாவது நான் ஆடும் 60 கார்டுக் கட்டின், படத்தைப் போட்டேன், ஒருவர் அதை எடுத்துத் "திருத்தி" வெளியிட்டார், அதன் கீழே என்ன கூத்து நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிப் பேர் அங்கே சிரிப்பு எமோஜி போட்டவர்கள்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: தீம் டெக், அதாவது ஒரே விஷயத்தைச் சுற்றிக் கட்டும் டெக், என்பது குழந்தைகள் சமாச்சாரம், மீன் பிடிக்கும் என்பதற்காக மீனாகவே அடுக்கியிருக்கிறார், 16 கார்டை மாற்றினால் உருப்படும். 12 மெர்ஃபோக்கை (பாதி மனிதன், பாதி மீன், என் டெக்கின் இனம் அதுதான்) வெளியே எடுத்துவிட்டார். 4 ஸ்ப்ரெடிங் சீஸையும் (Spreading Seas, பரவும் கடல்) எடுத்துவிட்டார், "இது ஒன்றுமே செய்யாத கார்டு" என்ற குறிப்போடு. பதிலுக்கு நாலு மானா, ஐந்து மானாவில் பளபளவென்று சில பெரிய கிரீச்சர்கள் (மானா என்பது லேண்ட் கார்டுகள் தருவது, மற்ற கார்டை இறக்கக் கொடுக்கும் விலை; கிரீச்சர் என்பது சண்டை போடும் கார்டு). போனஸாக ஒரு கேள்வி வேறு: "லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் ஏன் மூன்றே மூன்று? நாலு வைக்கலாம் என்ற விதிகூடத் தெரியாதா இவருக்கு?" அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. ஏன் மூன்று என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் டெக்கைப் பற்றிப் பேசுவோம். நான் சொல்ல வருவது ஒரே விஷயம், அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்தால் தாண்டிப் போய்விடுங்கள். கார்டைத் தனியாக எடுத்து எடைபோடாதீர்கள். தனியாகப் பார்த்தால் லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் இரண்டு மானாவுக்கு ஒரு 2/2, அதாவது 2 அடிக்கும், 2 தாங்கும், அவ்வளவுதான். அது மற்ற மெர்ஃபோக் எல்லாவற்றுக்கும் +1/+1 கொடுக்கிறது என்பதுதான் கதை. மாஸ்டர் ஆஃப் த பேர்ல் ட்ரைடென்ட்டும் அதே வேலையைச் செய்கிறது, மூன்று மானாவில் மெரோ ரீஜரியும் செய்கிறது. இப்படித் தன் இனத்தைத் தூக்கிவிடும் கார்டைத்தான் லார்ட் என்கிறோம். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு லார்ட் மேஜையில் இருந்தால் 2 டேமேஜ். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும், ஆளுக்கு 3, மொத்தம் 6. மூன்று இருந்தால் ஆளுக்கு 4, மொத்தம் 12. நாலு இருந்தால் ஆளுக்கு 5, மொத்தம் 20. எதிராளி எத்தனை லைஃபில் ஆட்டத்தைத் தொடங்குகிறார்? 20. இதே இடத்தில் சாதாரண 2/2 நாலு நின்றால் 8. குழந்தைகள் சமாச்சாரமாம்.

அந்த "ஒன்றுமே செய்யாத" ஸ்ப்ரெடிங் சீஸுக்கு வருகிறேன், எனக்கு உண்மையிலேயே வலித்தது அங்கேதான். எதிராளியின் ஒரு லேண்ட் மேல் அதை ஒட்டினால் அந்த லேண்ட் ஐலண்ட் (நீல மானா தரும் லேண்ட்) ஆகிவிடும், எனக்கு ஒரு கார்டும் கிடைக்கும். சிவப்பு மானாவுக்காக அவர் வைத்திருந்த லேண்ட் நீலமாகிக் கையில் இருப்பதெல்லாம் கையிலேயே மாட்டிக்கொள்வது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், லார்ட் ஆஃப் அட்லாண்டிஸும் மாஸ்டரும் மற்ற மெர்ஃபோக்குக்கு ஐலண்ட்வாக் கொடுக்கின்றன, அதாவது எதிராளியிடம் ஒரு ஐலண்ட் இருந்தால் அவரால் அவற்றை பிளாக் செய்து தடுக்கவே முடியாது. எதிராளி நீல டெக் ஆடவில்லையா? கவலையில்லை, கடலை நானே அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் ஊற்றுகிறேன். மேலே சொன்ன அந்த 12, அந்த 20 எல்லாம் தடையில்லாமல் போய் விழுவது இந்த ஒரு கார்டால்தான். தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் செய்யாதுதான். தனியாக ஏன் எடுத்துப் பார்க்கிறீர்கள் என்பதுதானே என் கேள்வி.

ஈதர் வயல் (நெல் வயல் இல்லை, Vial, குப்பி) என்ற கார்டைப் பெருந்தன்மையாக விட்டுவைத்திருக்கிறார். ஆனால் அது என்ன செய்கிறது என்று யோசித்தாரா தெரியவில்லை. என் ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் அதில் ஒரு கவுண்டர் (எண்ணிக்கைக்கான வில்லை) வைக்கலாம். எத்தனை கவுண்டர் இருக்கிறதோ அதே மானா விலையுள்ள கிரீச்சரை, மானா கொடுக்காமல், எதிராளியின் டர்ன் நடுவில்கூட இறக்கலாம். காஸ்ட் செய்வதே இல்லை, அதாவது விலை கொடுத்து ஆடுவதே இல்லை என்பதால், ஆடும் கார்டை ரத்து செய்யும் கவுண்டர்ஸ்பெல்லுக்கும் வேலையில்லை. என் டெக்கில் பெரும்பாலானவை இரண்டு மானா. வயலை 2-இல் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன், எதிராளி அட்டாக் செய்வார், நான் பிளாக் சொல்வேன், பிறகு ஒரு லார்ட் இறங்கும், என் பக்கம் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்கள். நாலு மானா கார்டையும் ஐந்து மானா கார்டையும் நுழைத்துவிட்டு வயலையும் வைத்துக்கொண்டால் அது எண்ணிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

சில்வர்கில் அடெப்ட் என்ற மெர்ஃபோக்கையும் விட்டுவைத்திருக்கிறார். கையில் இருக்கும் இன்னொரு மெர்ஃபோக்கைக் காட்டினால்தான் அது இரண்டு மானா, இல்லையென்றால் ஐந்து. என் டெக்கில் 28 மெர்ஃபோக். அடெப்ட்டோடு சேர்ந்து வரும் மற்ற ஏழு கார்டில் ஒரு மெர்ஃபோக்கூட இல்லாமல் போவது நூற்றில் ஒரு தடவை நடக்கும். அவர் திருத்தித் தந்த டெக்கில் 16. அங்கே அது நூற்றில் பதினோரு தடவை. இதற்குப் பெயர் திருத்தமா?

சரி, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன், மறைக்கவில்லை. அண்ணன் வேலை கிடைத்துப் போகும்போது தன் கார்டுகளை ஒரு ஷூ டப்பாவில் போட்டு என்னிடம் விட்டுப்போனான். நான் கட்டிய முதல் டெக்கில் 83 கார்டு, ஐந்து நிறம், அழகாக இருந்தது எல்லாம் உள்ளே. தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்றேன், கணக்கு வைத்திருந்தேன். பிறகு "தீம்" என்ற வார்த்தை காதில் விழுந்தது, உடனே கடல் படம் போட்ட கார்டுகளை மட்டும் பொறுக்கி ஒரு டெக் கட்டினேன். திமிங்கிலம், ஆக்டோபஸ், புயல், கப்பல். பார்க்கக் கண்காட்சி மாதிரி இருக்கும். அதுவும் தோற்றது, ஏனென்றால் படத்தில் ஒரே கடலில் நீந்தினாலும் விதியில் அவை ஒன்றோடொன்று ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் அண்ணனிடம் போனில் புலம்பினேன். "ஒவ்வொரு கார்டையும் கையில எடுத்து, இது வந்தா மத்தது எது சந்தோஷப்படும்னு கேளு" என்றான். அன்று ராத்திரி டப்பாவைக் கொட்டிக் கேட்டுக் கேட்டு அடுக்கியதுதான் இந்த டெக்கின் முதல் வடிவம். அந்த மேதை குழந்தைத்தனம் என்று சொன்னது என் அண்ணன் சொல்லிக்கொடுத்ததை. அது அவருக்குத் தெரிய நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எரிகிறது.

இன்னொன்று. இந்த ஆட்டம் 1993-இல் வந்தபோது முதல் தொகுப்பிலேயே லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் இருந்தது, கூடவே காப்ளின் கிங், ஸாம்பி மாஸ்டர். ஒரு இனத்தைச் சேர்த்துக் கட்டு என்று ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டே முதல் நாளிலேயே கார்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் யாராவது 16 திருத்தம் அனுப்பிவையுங்கள்.

இப்போது வரிசையாக வருவார்கள், தெரியும். "போர்டு வைப் ஒன்று வந்தால் உன் மீன் எல்லாம் கருவாடு." வைப் என்றால் மேஜையில் இருக்கும் கிரீச்சர் எல்லாவற்றையும் ஒரே அடியில் துடைக்கும் கார்டு. ஆமாம், ராத் ஆஃப் காட் மாதிரி ஒன்று வந்தால் எல்லாம் சாகும், உங்கள் ஐந்து மானா ராட்சசனும் சேர்ந்துதான் சாவான். அதற்காகத்தான் கையில் இரண்டைப் பிடித்துவைப்பது, அதற்காகத்தான் ம்யூட்டாவால்ட். அது லேண்ட், தேவைப்படும்போது எல்லா இனமுமான 2/2 ஆக எழுந்து நிற்கும், லார்ட் கொடுப்பதையும் வாங்கிக்கொள்ளும், ராத் வரும்போது வெறும் நிலமாகப் படுத்துக்கொள்ளும். கடைசிச் சுற்றில் வைப் வாங்கித்தான் தோற்றேன், அதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தோண்டி எடுக்க வேண்டாம்.

"நீ அடுத்து என்ன செய்வாய் என்று எல்லாருக்கும் தெரியும்." தெரியட்டுமே. மழை வரும் என்று தெரிந்தால் மட்டும் நனையாமல் இருந்துவிடுவீர்களா? வயல் 2-இல் நிற்கிறது, கையில் நாலு கார்டு. அதில் லார்ட் இருக்கிறதா, அடெப்ட் இருக்கிறதா, வெறும் லேண்டா என்று எதிராளி ஒவ்வொரு அட்டாக்குக்கும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். என்ன டெக் என்று தெரிவது வேறு, இந்த நிமிடம் என்ன வரும் என்று தெரிவது வேறு. இதை ஒரு தடவையாவது மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அனுபவித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

"பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் இதை ஆடுவதில்லையே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை.

"ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. ஆறு சுற்றில் நாலு ஜெயித்தேன். ஜெயித்த நாலு பற்றி ஒருத்தர் பேசவில்லை. தோற்றிருந்தால் மீன் டெக் என்பதால் தோற்றான், ஜெயித்தால் அதிர்ஷ்டம். பெரிய ரேர் கார்டாக அடுக்கியவன் ஜெயித்தால் மட்டும் திறமை. இதை எத்தனை நாள் சிரித்துக்கொண்டே கேட்பது? நான் ஒரு இனத்தைப் பிடித்து அதிலேயே இருக்கிறேன் என்றால் எனக்கு வேறு தெரியாது என்று அர்த்தமா? இந்த 60 கார்டில் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திருத்தத்தில் இருக்கும் 16 கார்டைப் பற்றி அவர் அப்படிச் சொல்வாரா என்று யாராவது கேட்டீர்களா?

விடுங்கள், அவரை எனக்கு முன்பின் தெரியாது. அவர் மேல் இருக்கும் கோபம் நாளைக்குப் போய்விடும்.

லார்ட் ஏன் மூன்று என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்குக் கீழே சிரித்தவர்களில் ஒரு பெயரைப் பார்த்தேன். அதற்கு அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன். டேய், உனக்குத் தெரியும் ஏன் மூன்று என்று. உன் முதல் டோர்னமென்ட்டுக்கு ஒரு கார்டு குறைகிறது, ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிப்போனாய், எட்டு மாதம் ஆகிறது. ஓரம் லேசாக மடங்கியிருக்கும், அண்ணன் டப்பாவில் இருந்த கார்டு அது. மூன்று வகையும் சேர்த்து லார்ட் 12 இருந்தால் முதல் கையில் ஒன்றாவது வருவதற்கு 81 சதவீதம், 11 என்றால் 78. மூன்று சதவீதம்தானே என்று நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். கடைசிச் சுற்றில் மூன்று லார்ட் மேஜையில் நின்றது, எதிராளியிடம் ஐலண்டும் இருந்தது, லைஃப் 14. பன்னிரண்டு அடித்தேன், இரண்டு மிச்சம், அடுத்த டர்னில் வைப்.

நீ சிரித்ததை அழிக்க வேண்டாம், இருக்கட்டும். சனிக்கிழமை வரும்போது அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு வா.