"எல்லாம் உல்லன்தான்மா" என்று இனி ஒருத்தரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

ஒன்றரை மாதம். தினமும் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு, கண் எரிய எரிய உட்கார்ந்து பின்னிய ஸ்வெட்டர் அது. குன்னூரின் டிசம்பர் குளிருக்கு வானவில் மாதிரி கோடு கோடாக வேண்டும் என்று ஆறு வயதுப் பேத்தி கேட்டாள். பெட்டியில் பல வருஷ நூல் மிச்சம் கிடந்தது. என் வீட்டுக்காரருடைய கையில்லாத ஸ்வெட்டரில் மீந்த மெரூன், மகளின் பள்ளிக்கூட நீலம், எப்போதோ மஃப்ளர் போட்ட பச்சை, அப்புறம் துண்டு துண்டாக மஞ்சளும் ரோஸும். ஒவ்வொன்றையும் விரலில் உருட்டித் தடிமன் பார்த்து, ஃபோர் ப்ளை என்கிற மெல்லிய ரக நூலை மட்டும் பொறுக்கி எடுத்து, பத்தாம் நம்பர் ஊசியில் ஏற்றினேன். நிறம் மாறும் இடத்திலெல்லாம் இரண்டு நூல் நுனி தொங்கும். அத்தனையையும் உள்பக்கமாகக் கோத்து மறைக்கவே நான்கு நாள் ஆனது.

ஒரே ஒரு தடவை மெஷினில் வெந்நீரில் போட்டேன். வெளியே எடுத்தால் பச்சையும் மெரூனும் சுருங்கிக் கட்டித் துணியாகிவிட்டன, மற்ற நிறமெல்லாம் அப்படியே இருக்கிறது. வயிற்றில் இரண்டு இடத்தில் கயிறு போட்டு இறுக்கினாற்போல் இருக்கிறது சட்டை, குழந்தையின் தலைகூட உள்ளே நுழையவில்லை.

காரணம், அந்த இரண்டு மட்டும் அசல் ஆட்டுக் கம்பளி, மீதி எல்லாம் அக்ரிலிக். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் உரசலிலும் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் பிறகு பிரியவே பிரியாது. அக்ரிலிக் பிளாஸ்டிக் இழை, அதற்குச் செதிலும் இல்லை, அப்படி இறுகுவதும் இல்லை. இது முன்பே தெரிந்திருந்தால் இரண்டையும் ஒரே சட்டையில் சேர்த்திருப்பேனா?

எப்படித் தெரியும்? கடையில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள், மேலே ஒரு சீட்டுக்கூட இருக்காது. கேட்டால் "எல்லாம் உல்லன்தான்மா" என்கிறார்கள். மெல்லிய கம்பளிக்குப் பேர்போன நீலகிரி ஆடு இந்த மலைக்கே உரியது, சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அந்த மலையிலேயே பிளாஸ்டிக்கைக் கம்பளி என்று சொல்லி விற்க எப்படி மனசு வருகிறது? அக்ரிலிக் மட்டம் என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, துவைக்கச் சுலபம், நானே வாங்குவேன். ஆனால் அது தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கணப்புப் பக்கத்தில் உட்காரும் குழந்தைக்கு எதைப் போட்டுவிடுகிறோம் என்று ஒரு தாய்க்குத் தெரிய வேண்டாமா?

நேற்று ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி வைத்துப் பார்த்தேன். அசல் கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, தொட்டால் பொடியாகிற சாம்பலானது. அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நின்றது. பதினொரு உருண்டையில் அந்த இரண்டு மட்டும்தான் கம்பளி. நான் வீட்டில் தீ வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதையா கடைக்காரர் ஒரு சீட்டில் எழுதி ஒட்ட முடியாது? என்ன நூல், என்ன சூட்டில் துவைக்கலாம், ஒன்றாகச் சாயம் தோய்த்த எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, மூன்றே வரி!

சரி, பிரித்து மறுபடி பின்னலாம் என்று இன்று காலை உட்கார்ந்தேன். மஞ்சளும் நீலமும் சரசரவென்று பிரிந்து வந்தன. பச்சைக் கோட்டில் ஒரு கண்ணிகூட அசையவில்லை, கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தேன்.