ரேஷன் கடை வரிசையில் முருகன்

சென்ற ஆண்டு ஒரு சிறுகதை எழுதினேன். ரேஷன் கடை வரிசையில் முருகன் நிற்கிறார். கைரேகைக் கருவி அவருடைய விரலை ஏற்க மறுக்கிறது. "பன்னிரண்டு கையில் எந்தக் கையை வைத்துப் பதிவு செய்தீர்கள்?" என்று கடைக்காரர் கேட்கிறார். எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

கதையை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பவர். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபித்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளூர ஆசையும் இருந்தது. நம் எழுத்து யாரையோ சுட்டுவிட்டது என்பதில் ஓர் அற்பப் பெருமை உண்டல்லவா?

அவர் கோபிக்கவில்லை. பன்னிரண்டு கைக்குச் சிரிக்கக்கூடச் செய்தார். அவரைக்காய்க்கு நார் உரித்தபடியே கேட்டார்: "அவருக்குப் பதிலாக ஒரு கிழவரை நிறுத்தினால் கதையில் என்ன குறையும்?"

யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு நகைச்சுவையைத் தவிர எதுவும் குறையாது. காலமெல்லாம் மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்துபோன ஒரு கிழவர் அங்கே நின்றால் கதை இன்னும் உறைக்கும்.

"அப்படியானால் அவர் எதற்கடா அங்கே வந்தார்?" என்றார் அத்தை.

தெய்வங்களைக் கதாபாத்திரமாக்கலாமா என்று சண்டை வரும்போதெல்லாம் இரண்டு குரல்களைத்தான் கேட்கிறேன். ஒன்று, சாமியைத் தொடாதே என்கிறது. மற்றது, எழுத்தாளனுக்கு எல்லையே இல்லை என்கிறது. அத்தை கேட்ட கேள்வியை இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

சாமியைத் தொடாதே என்பவர்கள் முதலில் தேவாரம் பாடிய சுந்தரரைப் படிக்க வேண்டும். உன்னைப் பிரிய மாட்டேன் என்று இரண்டாம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் அவருக்குக் கண் போயிற்று. பிழை அவருடையது. ஆனாலும் திருவாரூர் இறைவனைப் பார்த்து 'வாழ்ந்து போதீரே' என்று பாடுகிறார். நாங்கள் இப்படித் தவிக்க, நீர் மட்டும் நன்றாக இருந்துவிட்டுப் போம் என்று ஏசுகிறார். முதல் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க அதே இறைவனை நள்ளிரவில் தூது அனுப்புகிறார். சிவன் ஒருமுறைக்கு இருமுறை நடக்கிறார். இதைச் சொல்வது பெரியபுராணம். இன்று யாராவது புதிதாக எழுதியிருந்தால் மறுநாளே காவல் நிலையத்தில் புகார் போயிருக்கும். சுந்தரருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? ஏசுவதற்கும் அவருக்கு வேறு ஆள் இல்லை.

புதுமைப்பித்தனுக்கு அந்த பக்தி இல்லை. ஆனாலும் 1943-இல் அவர் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சிவபெருமானைச் சென்னை பிராட்வே முனையில் கொண்டுவந்து நிறுத்துகிறார்; திருவல்லிக்கேணிக்கு வழி கேட்க வைக்கிறார்; சிக்கரி கலந்த காப்பி குடிக்க வைக்கிறார். பிள்ளையோ வந்தவரிடம் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கப் பார்க்கிறார். இதில் கடவுளுக்குப் பதிலாக வெளியூர்க்காரர் ஒருவரைப் போட்டுப் பாருங்கள். கதையே இருக்காது. வரம் கொடுக்கத் தெரிந்தவருக்கு மனிதர்களோடு கூட இருந்து வாழத் தெரியவில்லை என்பதுதான் கதை. அதே ஆண்டில் வந்த 'சாபவிமோசன'மும் அப்படித்தான். தீக்குளிக்கச் சொன்னது ராமன்தான் என்று சீதை வாயால் கேட்டதும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். அகலிகைதான் அப்படிக் கல்லாக முடியும். பக்கத்து வீட்டுப் பெண் முடியாது. ராமனை நம்புகிறவருக்கு அந்தக் கதை வலிக்கும். வலிக்கட்டும். அகலிகை ராமனை நம்பியதால்தானே அவளுக்கே வலித்தது?

பிறருடைய புனிதரை எழுதுவது வேறு விஷயம். அங்கே சுந்தரரின் சலுகை நமக்கு இல்லை. முகம்மது நபியின் வாழ்க்கையைச் சொல்லும் 'தி மெசேஜ்' திரைப்படம் 1976-இல் வந்தது. அதை எடுத்த முஸ்தபா அக்காத் ஒரு முஸ்லிம். அவரே நபியின் உருவத்தையோ குரலையோ படத்தில் வைக்கவில்லை. மற்றவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். நாம் நபி இருக்கும் இடத்தில் இருந்து பார்க்கிறோம். கட்டுப்பாட்டையே அக்காத் உத்தியாக்கிக்கொண்டார். நபியின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாகப் பாடிய உமறுப்புலவரின் வழி வேறு. அவருடைய சீறாப்புராணத்தில் அரபு நாட்டிலேயே மழை பெய்கிறது, ஆறு ஓடுகிறது, நெல் விளைகிறது. தமிழ்க் காப்பியம் ஒரு தலைவனுக்குச் செய்யும் மரியாதை அது.

இத்தனை பக்குவமாகச் செய்தால் யாரும் புண்பட மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஆட்களைப் பிணை பிடித்து வைத்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில், அந்த 'மெசேஜ்' படத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. அப்படிப்பட்ட கோபத்துக்கு எழுத்தாளன் பொறுப்பாக முடியாது. அத்தையின் கேள்விக்கு மட்டும் அவனிடம் பதில் இருக்க வேண்டும். என்னிடம் இல்லை. அதனால் முருகனை வரிசையிலிருந்து விலக்கிவிட்டேன். பன்னிரண்டு கை நகைச்சுவை போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

போன வாரம் அத்தைக்குக் கந்தசாமிப் பிள்ளை கதையைப் படித்துக் காட்டினேன். சிக்கரிக் காப்பிக்கு வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளையின் சிறுமி வள்ளி, வந்தவரைத் தாத்தா என்று கூப்பிட்டு ஒட்டிக்கொள்ளும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் கடவுள் கிளம்பிப் போய்விடுகிறார். நான் புத்தகத்தை மூடினேன்.

"அந்தக் குழந்தை அப்புறம் அவரைத் தேடவில்லையா?" என்று கேட்டார் அத்தை.