இந்த வருஷம் எண்ணிக்கை இல்லை

போன ஜனவரியில் குட்ரீட்ஸ் என்ற வாசிப்புச் செயலியில் வருஷ இலக்கு 52 என்று போட்டேன். வாரத்துக்கு ஒரு புத்தகம். டிசம்பர் 31 இரவு 47இல் நின்றது. அந்த 47இல் எத்தனை நூறு பக்கத்தைத் தாண்டாதவை என்று மட்டும் கேட்காதீர்கள்.

மார்ச்சிலேயே அந்தச் செயலி மூன்று புத்தகம் பின்தங்கிவிட்டேன் என்று காட்டத் தொடங்கியது. அதோடு நான் புத்தகம் தேடும் விதமே மாறிப்போனது. அலுமாரியைத் திறந்தால் கண் முதலில் தடிப்பைத்தான் பார்க்கும். கவிதைத் தொகுப்புகளை அவ்வளவு வேகமாக ஒருநாளும் வாசித்ததில்லை. பின்னேரம் எடுத்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடித்து, நட்சத்திரமும் போட்டாயிற்று. இப்போது அவற்றிலிருந்து ஒரு வரி சொல்லச் சொன்னால் முழிப்பேன். ஆசைப்பட்டு வாங்கிய 800 பக்க நாவல் ஒன்றை, கணக்குக் கெட்டுவிடும் என்று தொடவே இல்லை. கடலோர வீடு, மாரி மழை வேறு. ஈரம் ஏறி அட்டை வளைந்து கிடக்கிறது.

அப்பாவை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம் படிப்பித்தவர். வழியில் கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல்தான்; அதற்கு முன் பாதை, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை, வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். அவருடைய வாசிப்பெல்லாம் அந்தக் கரையில்தான். ஒரு தடித்த நாவல் ஒரு மாரியில் தொடங்கி அடுத்த மாரி வரைக்கும் இழுபடும். இரவில் சாப்பிட்டுக்கொண்டே அன்றைய பகுதியை எங்களுக்குச் சொல்வார். பாதை பிந்திய நாட்களில் எங்களுக்குக் கதை நீளும். (பாலத்தைக் குறை சொல்லவில்லை. நோயாளியோடு அங்கே காத்து நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.) வருஷத்துக்கு எத்தனை வாசித்தீர்கள் என்று அவரைக் கேட்டிருந்தால், கேள்வியே விளங்கியிருக்காது.

இலக்கே வைக்காவிட்டால் நீ வாசிக்கவே மாட்டாய் என்கிறாள் சிநேகிதி. அது பொய்யில்லை. என்னை எனக்குத் தெரியும்; விட்டால் கைபேசியோடே விடிந்துவிடும். அதனால் எண்ணுக்குப் பதிலாக நாளை வைத்துக்கொண்டேன். போயா நாள், இலங்கையில் பௌர்ணமி விடுமுறை. வருஷத்துக்கு 12 வரும், சில வருஷம் 13. எப்படியும் விடுமுறை, இறைச்சிக் கடையும் பூட்டு, சமையலும் மரக்கறியோடு சுருக்கமாக முடிந்துவிடும். காலைத் தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழும்புவதில்லை. இரண்டு பக்கம் வாசித்துத் தூங்கிப்போனாலும் சரி. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடலாம், முன்பு வாசித்ததையே திரும்பவும் வாசிக்கலாம். இடையில் மற்ற நாட்களில் வாசித்தால் அது மேலதிகம், அதற்குக் கணக்கில்லை.

வருஷத்தில் 50, 100 என்று வாசிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சிலருக்கு எண் உண்மையிலேயே உதவும். எனக்கு அது பரீட்சையாகிவிட்டது. பரீட்சை என்று வந்தால் நான் எப்போதும் குறுக்குவழி தேடுகிற ஆள்.

ஜனவரியில் வந்த துருத்து போயாவன்று அந்த வளைந்த அட்டை நாவலைத்தான் எடுத்தேன். 64ஆம் பக்கத்தில் நிற்கிறேன். யார் யாருக்குச் சொந்தம் என்று இன்னும் பிடிபடவில்லை, திரும்பத் திரும்ப முன்பக்கங்களுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. நேற்று இரவு சாப்பிடும்போது மகளுக்குக் கொஞ்சம் சொன்னேன். "பிறகு?" என்று கேட்டாள். அடுத்த போயாவுக்குச் சொல்கிறேன் என்றேன். அவள் எழும்பிப் போய்ச் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.