எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று யார் சொன்னது?

முகத்தில் எதைப் பூசினாலும் சுள்ளென்று எரிய வேண்டும், இல்லாவிட்டால் காசு வீண் என்று நம்மவர்களிடம் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சில அழகு நிலையங்களில், "ரெண்டு நாள்ல தோல் உரியும், பயப்படாதீங்கக்கா" என்று பெருமையாக வேறு சொல்கிறார்கள். பயப்படத்தான் வேண்டும்.

மாநிறமும் கறுப்புமான நம் தோலில் சின்ன எரிச்சல்கூடக் கருமை தரும் நிறமியான மெலனினைத் தூண்டிவிடும். பரு ஆறினாலும் கரும்புள்ளி நிற்பது அதனால்தான். அந்தப் புள்ளியைப் போக்க எரிகிற அமிலத்தைப் பூசி, அந்த எரிச்சலிலேயே புதிதாக ஒரு புள்ளி வாங்கிக்கொள்கிறோம். ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரனிடம், வட்டிக்கு வாங்கி வங்கிக் கடனை அடைக்கிற கதை.

கரும்புள்ளிக்கு அமிலம்தான் பூச வேண்டுமென்றால், என் ஓட்டு மாண்டலிக் அமிலத்துக்கு. முதன்முதலில் கசப்பு பாதாமிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது இது. செத்த செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்துகிற வேலையைத்தான் கிளைக்கோலிக் அமிலமும் செய்கிறது. ஆனால் கிளைக்கோலிக்கின் மூலக்கூறு எடை 76, மாண்டலிக்குக்கு 152. பெரிய மூலக்கூறு தோலுக்குள் மெதுவாக இறங்குவதால் எரிச்சல் குறைவு. எண்ணெய் வழிகிற, பரு வருகிற முகத்துக்கும் ஒத்துப்போகும். வறண்ட தோல்காரர்கள் லாக்டிக் அமிலத்தின் பக்கம் போகலாம். அதுவும் ஒத்துக்கொள்ளாத முகத்துக்கு இன்னும் மென்மையான குளுக்கோனோலாக்டோன் இருக்கிறது.

மாண்டலிக் 5 சதவீதமே ஆரம்பத்துக்குப் போதும். வாரத்தில் இரண்டு இரவு, முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு பூசி, மேலே மாய்ஸ்சரைசர் போட்டால் வேலை முடிந்தது. அன்றைக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) கிரீமும் வேண்டாம், கடலை மாவு போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். லேசான குறுகுறுப்பு சரி. சிவந்து எரிந்தால் கழுவிவிடுங்கள். வித்தியாசம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். புள்ளி மங்கும், சொரசொரப்பு குறையும். நிறம் மாறாது, மாறவும் வேண்டாம்! ஏழே நாளில் வெள்ளையாக்கும் என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற பெயர் தெரியாத கிரீமைக் கையால் தொடாதீர்கள். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த கிரீம்களை மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பத் தடை செய்துகொண்டே இருக்கிறது. வாங்கும் முன் அமைச்சின் கீழுள்ள மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையதளத்தில் பொருளின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம், இலவசம்தான்.

அப்புறம் சன்ஸ்கிரீன். இந்த வகை அமிலங்கள், வெயில் எளிதில் சுடும்படி தோலை இளக்கிவிடும். கோலாலம்பூரில் மத்தியான யூவி குறியீடு (வெயிலின் புற ஊதாக் கதிர் அளவு) மிகக் கடுமையான 11-ஐத் தாண்டுவதோ சர்வசாதாரணம். காலையில் சன்ஸ்கிரீன் போடச் சோம்பல் என்றால் அமிலமே வேண்டாம், ஆளை விடுங்கள். அமிலத்தை நிறுத்தினாலும் அந்த இளக்கம் ஒரு வாரம்வரை இருக்கலாம். அதனால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நாள் முழுக்க வெயிலில் நிற்கப் போகிறவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். மொட்டை போடுகிற அண்ணன்மார்களே, சந்தனத்தை நம்பாமல் தலைக்கும் கொஞ்சம் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளுங்கள்.