அந்த ஜீரோவைத் திருகாமல் இருக்கவே முடியாதா?

மைக்ரோமீட்டர் என்பது ஜாப்பை, அதாவது லேத்தில் கடைந்த பொருளை, இரண்டு முகங்களுக்கு நடுவில் பிடித்து அளக்கும் கருவி; வெறுமனே மூடினால் அது ஜீரோ காட்ட வேண்டும். லேத்தில் ஒரு அளவும் என் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் ஒரு அளவும் வந்துவிட்டால் போதும், உடனே அந்த ஜீரோவை மாற்ற மைக்ரோமீட்டர் பாக்ஸில் கிடக்கும் சி ஸ்பேனரை, அந்தக் கொக்கிச் சாவியைத் தூக்கிவிடுகிறார்கள். ஜாப்பில் பர் என்கிற பிசிறு இருக்கிறதா, சூடாக இருக்கிறதா, ஆன்வில் என்கிற அசையாத முகத்தில் கூலண்ட் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. நேராக ஸ்லீவில், அதாவது அளவுக்கோடு போட்ட நிலையான குழாயில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையில் கொக்கியை மாட்டி ஒரு திருகு. "ஜீரோ பண்ணிட்டேன் சார்." என்னத்தைப் பண்ணினாய், எதன் மேல் பண்ணினாய்?

பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு ஜீரோ பார்ப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வேஸ்ட்டில் இருந்து உதிரும் ஒரு பஞ்சு இழையே பத்து இருபது மைக்ரான் தடிமன் இருக்கும்; ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் சுற்றும் உருளையான திம்பிளில் ஒரு கோடு என்பது வெறும் 10 மைக்ரான். ஸ்குரூ ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகர்கிறது, அதை 50 கோடாகப் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கணக்கு. இடையில் அழுக்கோ இழையோ சிக்கியிருக்கும்போது ஜீரோவைத் திருகி வைத்துவிட்டால், அது உதிர்ந்துபோன பிறகு அளக்கிற ஒவ்வொரு ஜாப்பும் ஒரு கோடு சிறிதாகவே காட்டும். 20.00 என்று பார்த்து லேத் ஆபரேட்டர் நிறுத்துவார், நிஜத்தில் அது 20.01. டிராயிங்கில் பேரிங் உட்காரும் இடத்துக்கு 20 h6 (சின்ன எச், தண்டுக்கான குறி) போட்டிருந்தால் மொத்த டாலரன்ஸே, அதாவது அனுமதிக்கும் வித்தியாசமே, 13 மைக்ரான்தான், அதுவும் 20க்குக் கீழேதான். அப்புறம் பேரிங் ஏறவில்லை என்று சுத்தியலைத் தேடுவார்கள்.

துடைப்பது என்ன பெரிய வித்தையா? சுத்தமான வெள்ளைப் பேப்பர் ஒரு துண்டு. இரண்டு முகத்துக்கும் நடுவில் வைத்து ராட்செட்டால், அதாவது அளவான அழுத்தம் வந்ததும் கிளிக் என்று நழுவும் கடைசித் திருகியால், மெதுவாகப் பிடித்து உருவி எடுத்தால் எண்ணெயும் தூசியும் பேப்பரோடு வந்துவிடும். பிறகு மூடி ராட்செட் இரண்டு மூன்று முறை கிளிக் ஆகும்வரை சுற்றி ஜீரோ பார்க்க வேண்டும், திறந்து மூடி மறுபடியும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகக் காட்டினால் கோளாறு ஜீரோவில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் ஒரே அளவு தள்ளி நின்றால்தான் ஸ்பேனர், அதுவும் ஒரு கோட்டுக்குள் என்றால் ஸ்லீவ். அதற்கு மேல் போனால் ராட்செட்டைக் கழற்றி திம்பிளையே நகர்த்தி வைக்க வேண்டும், அதைத் தெரிந்தவர் செய்யட்டும்.

ராட்செட் என்றதும் ஞாபகம் வருகிறது, அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? திம்பிளைப் பிடித்து சி கிளாம்ப் போல முறுக்குகிறார்கள். அவசரம் என்றால் ஃபிரேமைக் கையில் பிடித்துக் கிலுகிலுப்பை மாதிரி சுழற்றித் திறக்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் இறுக்கி மூடி லாக்கும் போட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிப்பதுதான் மிச்சம்.

சூடு விஷயம் தனிக் கூத்து. சக்கிலிருந்து கழற்றின கையோடு அலுமினிய ஜாப்பை அளக்கிறார்கள். 50 மி.மீ. அலுமினியம் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கிட்டத்தட்ட 23 மைக்ரான் விரிந்திருக்கும். ஆறினதும் என் டேபிளில் குறைவாகக் காட்டும். காட்டாமல் என்ன செய்யும்? அதற்கும் என் மைக்ரோமீட்டர்தான் தப்பாம், திருகு ஸ்பேனரை!

இவர்களையாவது சகித்துக்கொள்ளலாம், ஆபீஸ் ரூமில் இருப்பவர்களை முடியவில்லை. "காலிபரேஷன் ஸ்டிக்கர் இருக்கே, தேதி முடியலையே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். லேபில் இருந்து வந்த மறுநாளே எவரோ ஸ்லீவைத் திருகியிருந்தால் அந்த ஸ்டிக்கர் எதற்கு உத்தரவாதம்? அதைவிட, ஜீரோ என்பது ஒரே ஒரு புள்ளி. லேபில் 2.5, 5.1, 7.7, 10.3 என்று கோணல்மாணலான அளவுகளில் ஸ்லிப் கேஜ், அதாவது துல்லியமான அளவுள்ள இரும்புக் கட்டைகள் வைத்துப் பார்ப்பது, திம்பிள் ஒவ்வொரு தடவையும் வேறு கோணத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக. வருஷக்கணக்காக ஒரே 12 மி.மீ. பின்னையே அளந்துகொண்டிருக்கும் மைக்ரோமீட்டரில் ஸ்குரூ அந்த இடத்தில்தான் தேய்ந்திருக்கும். ஜீரோவில் அட்சர சுத்தமாக நிற்கும், 12இல் பொய் சொல்லும். வாரத்துக்கு ஒரு தடவை நானே நாலு அளவில் பார்த்துவிடுகிறேன், ஸ்லிப் கேஜ் பெட்டியைக் கொடுங்கள் என்றால், விலை உயர்ந்த பொருளாம், பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆடிட்டர் வரும் அன்று மட்டும் சாவி கிடைக்கும்.

இந்த லட்சணத்தில் கஸ்டமரிடமிருந்து லாட் திரும்பி வந்து நிற்கும்போது எல்லோரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஏன் சார், அளக்கிறதுக்கு முன்னாடி ஜீரோ பண்ணலையா?"