உசிக்கின் வலது கால்

உக்ரைன் குத்துச்சண்டை வீரர் ஒலெக்சாண்டர் உசிக் என்றதும் எல்லோரும் அவர் பிரிட்டன் வீரர் டைசன் ஃப்யூரியை வென்றதிலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். மிக அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் அவர் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் 2018-க்குத்தான் போக வேண்டும். அதற்குக் கீழே 90.7 கிலோ வரம்புள்ள குரூசர்வெயிட்டில் அந்த ஒரே ஆண்டில் ஆடிய மூன்று சண்டைகள் போதும்.

முதலில் ஊர்க் கணக்கு. 2016 செப்டம்பரில் போலந்தின் க்தான்ஸ்க் நகரில் போலந்துக்காரர் குவோவாட்ஸ்கியிடமிருந்து டபிள்யூபிஓ (உலகப் பட்டம் தரும் நான்கு பெரிய அமைப்புகளில் ஒன்று) பட்டத்தை எடுத்தார். தொழில்முறையில் அது பத்தாவது சண்டை. அமெரிக்க ஜாம்பவான் ஹோலிஃபீல்டுக்கே இந்த எடையில் பட்டம் வர 12 சண்டை ஆனது. 2017-ல் பெர்லினில் ஜெர்மனி வீரர் மார்கோ ஹக். 2018 ஜனவரியில் ரீகாவில் லாட்வியாக்காரர் மைரிஸ் பிரீடிஸ். ஜூலையில் மாஸ்கோவில் ரஷ்யர் முராத் காஸியேவ். நவம்பரில் மான்செஸ்டரில் லிவர்பூல்காரர் டோனி பெல்யூ. எல்லாமே எதிராளியின் வாசலில். அதிலும் மாஸ்கோ! கிரிமியாவில் பிறந்தவர், கிரிமியா ரஷ்யா கைக்குப் போன நான்காம் ஆண்டில், அந்த நாட்டுத் தலைநகரில் நின்று நான்கு அமைப்புகளின் பெல்ட்டையும் ஒன்றாகச் சேர்த்தார். இந்த எடையில் நான்கையும் சேர்த்த முதல் ஆள் அவர்தான்.

இனி கால் விஷயம். உசிக் இடக்கைக்காரர், வலது காலும் வலது கையும் முன்னால் இருக்கும். எதிராளி பெரும்பாலும் இடது காலை முன்வைத்து நிற்பார். இரண்டு முன்கால்களும் நேருக்கு நேர் முட்டும். எவர் கால் எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் போகிறதோ, அவருடைய பின்கை (பின்னால் வைத்திருக்கும் கை) எதிராளியின் தாடைக்கு நேராக வந்துவிடும். இது எந்தப் பயிற்சிக்கூடத்திலும் முதல் மாதமே சொல்லித்தரும் பாடம். எதிராளிக்கும் தெரியும். அதனால் வெளிக்கால் பிடித்ததும் ஜெயித்துவிட்டதாக நினைப்பவர்தான் மாட்டிக்கொள்வார். வெளிப்பக்கமே வட்டமடித்தால் நேராக எதிராளியின் இடது ஹூக்கில் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) போய் விழ வேண்டியதுதான்.

காஸியேவின் ஆயுதமே அந்த இடது ஹூக். 2017 அக்டோபரில் விலாவில் ஒரே அடி அடித்து வ்லோடார்சிக்கை மூன்றாவது ரவுண்டில் உட்கார வைத்தவர் அவர். ஆனால் அந்த அடிக்கு இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். உசிக் அந்த ஊன்றலைத்தான் உடைத்தார். காஸியேவ் காலை ஊன்றும் நேரத்தில் அரை அடி தூரம் வலப்பக்கம் நகர்வார். அவர் திரும்பி மறுபடி ஊன்றும்போது இடப்பக்கம் ஒரு சின்ன எட்டு. நடுவில் வலது கையால் தட்டிக்கொண்டே இருப்பார். அந்த ஜேபில் (முன்கையால் விடும் நேர்க்குத்து) பாதிக்கு மேல் அடியே இல்லை. கையுறையை எதிராளியின் முன்கை மேல் வைப்பது, கண்ணை மறைப்பது, அவ்வளவுதான். தட்டிவிடக் கையை இறக்கினால் மேலே இடது நேர்க்குத்து வரும். பின்னால் சாய்ந்தால் எடை பின்காலுக்குப் போய்விடும், திருப்பி அடிக்க முடியாது. பன்னிரண்டு ரவுண்டும் இதே கதை. ரவுண்டை வென்றவருக்குப் பொதுவாக 10, தோற்றவருக்கு 9 புள்ளி என்ற கணக்கில் ஒரு நடுவர் 120-108, மற்ற இருவரும் 119-109.

“ஓடி ஓடி ஆடுறார்” என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஓடுகிறவர் கயிற்றுப் பக்கம் போவார். மாஸ்கோ சண்டையில் கயிற்றுக்கு அருகில் அதிகம் இருந்தவர் யார் என்று ஒருமுறை பாருங்கள்.

இதைப் பார்த்துப் பழகும் இளைஞர்கள் செய்யும் பெரிய தவறு, குதிப்பது. உசிக்கின் எட்டு மிகச் சின்னது. போகும் திசையில் இருக்கும் கால் முதலில், மற்றது அதே அளவு பின்னால். இரண்டு கால்களும் ஒட்டுகிற நொடியில் ஒரு லேசான ஜேப் பட்டாலே தள்ளாட்டம்தான். குதிப்பவருக்கு நான்காவது ரவுண்டில் கெண்டைக்கால் கல்லாகிவிடும். தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு, பின்கையை மார்போடு ஒட்டி வைத்து, முன்கையால் மட்டும் ஒருவரை ஒருவர் தட்டியபடி மூன்று நிமிட ரவுண்டு மூன்று ஆடுங்கள். எங்கே தவறுகிறது என்று காலே சொல்லிவிடும்.

ஓட்டையே இல்லாத ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். காஸியேவ் சண்டையைவிட ரீகா சண்டையை நான் மேலாக மதிப்பது அதனால்தான். உசிக் உள்ளே வரும்போது தலை கொஞ்சம் தாழ்ந்து வரும். பிரீடிஸ் பின்வாங்காமல் அங்கேயே நின்று அப்பர்கட்டும் (கீழிருந்து மேலே வரும் குத்து) ஹூக்கும் வைத்தார். முடிவு 115-113, 115-113, 114-114, மயிரிழை. 2024 மே மாதம் ரியாத்தில் முதல் சண்டையின் நடு ரவுண்டுகளில் ஃப்யூரி அடித்த அப்பர்கட்டுகள் நுழைந்ததும் ஏறக்குறைய அதே வாசல் வழியாகத்தான். விலாவும் உசிக்குக்குப் பிடிக்காத இடம். தொடக்க ரவுண்டுகளைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் வேறு.

பெல்யூ அதைத்தான் பிடித்துக்கொண்டார். துரத்தாமல் பின்னால் நின்று, உசிக்கை முதலில் அடிக்க வைத்து, வலது கையால் பதில் கொடுத்தார். ஏழு ரவுண்டு முடிவில் இரண்டு நடுவர்களின் தாளில் பெல்யூதான் முன்னிலை. ஆனால் உசிக்கின் ஒவ்வொரு பொய் அடிக்கும் அசைந்து அசைந்தே அவர் கால் தீர்ந்துபோயிருந்தது. எட்டாவது ரவுண்டில் உசிக் அதே வலது காலை எடுத்து வெளியே வைத்தபோது பெல்யூவால் திரும்ப முடியவில்லை. அடுத்து வந்த இடது கையைத்தான் எல்லா வீடியோவிலும் காட்டுகிறார்கள்.