ரத்தத்துக்கு எழுதிய பட்டம்

பிரிங்கிள் குடும்பத்தின் பரம்பரைப் பட்டம் மூத்த கிளைக்கு இல்லை, இளைய கிளைக்கே என்று, மரபணுச் சோதனையை வைத்து, பிரிட்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 2016 ஜூனில் சொன்ன முடிவு கொடுமையானது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டம் கொடுத்த அரசப் பட்டயத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் வேறு முடிவுக்கு வழியே இல்லை.

ஸ்காட்லாந்தின் ஸ்டிச்சிலைச் சேர்ந்த ராபர்ட் பிரிங்கிளுக்கு மன்னர் இரண்டாம் சார்லஸ் 1683-இல் கொடுத்த பாரனெட் பட்டம் இது. அவருக்குப் பிறகு, அவர் உடல்வழி வந்த ஆண் வாரிசுகளுக்கு மட்டும். மகளுக்கு இல்லை, தத்துப்பிள்ளைக்கும் இல்லை.

பாரனெட் என்றால் ஏதோ போர்க்கள வீரத்துக்குக் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1611-இல் முதலாம் ஜேம்ஸ் இதைத் தொடங்கியதே அயர்லாந்தின் அல்ஸ்டரில் படைச் செலவுக்குப் பணம் திரட்டத்தான். 30 வீரர்கள், தலைக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ், மூன்று வருடம். ஒரு நாளுக்கு 240 பென்ஸ், அன்றைய கணக்கில் சரியாக ஒரு பவுன். மொத்தம் 1,095 பவுன். இதற்குப் பிரபுக்கள் சபையில் இடம்கூடக் கிடையாது, பெயருக்கு முன்னால் 'சர்' மட்டும்தான்.

வழக்குக்கு வருவோம். எட்டாவது பாரனெட் சர் நார்மனுக்கு 1902 அக்டோபரில் கல்யாணம், 1903 மே மாதம் மூத்த பிள்ளை. நார்மன் 1919-இல் இறந்ததும், இவன்தான் வாரிசு என்று மனைவி பிரமாணம் எழுதிக்கொடுத்தார். பட்டம் அந்த மகனுக்கும், பிறகு பேரன் சர் ஸ்டூவர்ட்டுக்கும் போனது. 2013-இல் ஸ்டூவர்ட் இறந்தபோது, எட்டாவது பாரனெட்டின் இரண்டாவது மகன் ரொனால்டின் பிள்ளை உரிமை கோரினார். அசல் தாயாதி வழக்கு.

அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குவது ஒய் குரோமோசோம். ரொனால்டின் பிள்ளையுடையது பிரிங்கிள் வம்சத்தோடு பொருந்தியது; ஸ்டூவர்ட்டுடையது பொருந்தவில்லை. ஆக, எட்டாவது பாரனெட் வரை சங்கிலி சரி, மூத்த மகன் கிளையில்தான் அறுந்திருக்கிறது.

பாரனெட்டுகளின் அரசுப் பதிவேடு 1910-இல் வந்தது. அதில் பெயர் ஏற, ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகள் காட்ட வேண்டும். கோளாறே அங்குதான். அப்பா என்று யார் பெயரைச் சொன்னார்களோ அதைத்தான் பிறப்புச் சான்று காட்டும். அப்பா உண்மையில் யார் என்று அதற்குத் தெரியாது.

இத்தனை வருடம் கழித்துக் கிளறலாமா என்ற வாதமும் எடுபடவில்லை. காலவரம்பு வைப்பது பாராளுமன்றத்தின் வேலை என்று நீதிபதிகள் விட்டுவிட்டார்கள், அதுவும் சரிதான். ஸ்டூவர்ட் தன் மரபணு மாதிரியைக் கொடுத்தது குலத்தின் பூர்விகத்தை ஆராயும் திட்டத்துக்கு. அதை இந்த வழக்கில் பயன்படுத்தவும் தடையில்லை என்றார்கள். மூதாதையர் ஆராய்ச்சி என்று எச்சில் கேட்டு வந்தால், பட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் வக்கீலைப் பார்ப்பது நல்லது.